வாசகரின் பெயரால்

நமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி செவியில் விழும் கூற்றுக்கள் இரண்டு. "இவையெல்லாம் சாதாரண வாசகனுக்கு விளங்கா" என்பது ஒன்று. "வாசகர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்" என்பது மற்றையது. முன்னதைப் பண்டிதர்கள் கூறுவர். பின்னதைப் பத்திரிகை அதிபரும் புத்தக வியாபாரியும் கூறுவர். ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும் இவ்விரு கூற்றுக்களுக்கும் பொதுவான அமிசம் ஒன்றுண்டு. கூறுவோர் எவரும் வாசகனைக் கேட்டுவிட்டுக் கூறுவதில்லை. மூன்றாவதாக ஒரு கூற்றும் உண்டு. அது நம்மவர் வாயில், அதாவது முற்போக்காளர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்வோர் வாயில், வழங்குவது: "இது மக்களுக்கான இலக்கியம்." இதனையும் நாம் மக்களைக் கேட்டுவிட்டுச் சொல்வதில்லை. முதலிரு சாராரோடும் வழக்காடப் பலர் இருக்கின்றனர். என்னுடைய வழக்கு பெரும்பாலும் மூன்றாஞ் சாராரோடுதான்.

முதலில் வகுப்பறையைப் பார்ப்போம். நாவலொன்றோ சிறுகதையொன்றோ பாடமாக அமைந்துவிட்டால், அந்நூல் மாணவன் கைக்கு வந்து சேருமுன்னரே அதனைப் பற்றிய அபிப்பிராயம் வந்து சேர்ந்துவிடுகிறது. வினாவிடைத் தொகுப்பு என்றும் ரியூஷன் வகுப்புக் குறிப்பு என்றும் அதற்குப் பெயர்கள் பல. பாத்திரப் படைப்பின் சிறப்புக்கள் ஐந்து, உவமைச் சிறப்புக்கள் நான்கு, கதை உணர்த்தும் சமுதாயச் செய்திகள் மூன்று என்று எல்லாம் எண்ணி முடிக்கப்பட்டுள்ளன. முப்பத்தைந்து மாணவர் பயிலும் வகுப்பில் முப்பத்தைந்து விடைத்தாள்களிலும் "ஆசிரியர் தத்ரூபமாகச் சித்திரித்துள்ளார்" என்ற வாக்கியம் தவறாது காணப்படும். முப்பத்தைவருள் ஒருவருக்கேனும் அக்கதை சலிப்பூட்டியிருக்கக் கூடாதா? ஊட்டியிருக்கும். ஆயின் அதனை எழுதுவதற்குப் புள்ளித் திட்டத்தில் இடமில்லை. வினாவே "நயம் காண்க" என்று அமைந்திருக்கும்போது, நயக்காதிருக்கும் உரிமை வினாத்தாளிலேயே பறிக்கப்பட்டுவிடுகிறது.

கீழ் வகுப்புக்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. சிறுவர் கதை எதுவாயினும் அதன் முடிவில் "இக்கதையால் நாம் அறியும் படிப்பினை யாது?" என்ற வினா காவற்காரனைப் போல நிற்கிறது. முயலும் ஆமையும் ஓடிய கதையைக் கேட்ட பிள்ளை, "தூங்கிக் கிடந்தவனை எழுப்பாமல் ஆமை தாண்டிப் போனது சரியா, சேர்?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் அக்கேள்வியை வகுப்பின் முன் வைத்து விவாதிக்கத் துணிவோம்? அப்பிள்ளையின் கேள்வி ஓர் இலக்கிய விமர்சனம். போட்டியை மட்டுமே நியாயமாகக் கொண்டு புனையப்பட்ட ஒரு கதையின் அடித்தளத்தையே அது தொட்டுவிட்டது. நாமோ "முயற்சி திருவினையாக்கும்" என்று எழுதுவித்து, மையால் கோடு கீறி, அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகிறோம்.

மலையகப் பாடசாலையொன்றில் புதுமைப்பித்தனின் "துன்பக் கேணி"யை உயர்வகுப்பு மாணவர்க்கு உரத்து வாசித்ததுண்டு. 1935 இல் மணிக்கொடியில் வெளிவந்த அக்கதை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு பெண்ணின் அவலத்தைக் கூறுவது. விமர்சகர்கள் அதனைப் போற்றியுள்ளனர், யானும் போற்றுபவனே. வாசித்து முடித்ததும் மாணவியொருத்தி எழுந்து, "கதையிலே எங்கட ஆக்கள் அழுதுகொண்டே இருக்கிறாங்க சேர். எங்க அம்மாயியும் அழுதவங்கதான். ஆனா அவங்க கங்காணியைப் பத்திப் பாட்டுக் கட்டிச் சிரிச்சவங்க. அந்தச் சிரிப்பை இதை எழுதினவர் கேக்கல்ல" என்றாள். தோட்டத் தொழிலாளரைப் பற்றி எழுதப்படும் படைப்புக்களில் அவர்தம் துயரம் மட்டுமே இடம்பெற்று, அவர்தம் எதிர்ப்பும் எள்ளலும் இடம்பெறாது போவதேன் என்பது எவ்வளவு பெரிய வினா! ஆராய்ச்சிக் கட்டுரையொன்றின் பொருளாக அமையத்தக்க அவ்வினாவைப் பரீட்சை மண்டபத்தில் அவள் எழுதியிருப்பாளாயின் அவளுக்குக் கிடைக்கக்கூடிய புள்ளி யாது என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே.

இனி, "வாசகர் அபிப்பிராயத்தை எழுதிவைத்து ஆகப்போவது என்ன?" என்று கேட்போருக்கு ஒரு வரலாற்றைக் கூறுவது பொருத்தமாகும். இது நம்மைப் போன்ற ஓர் ஆசிரியரைப் பற்றியது. நம்மவரிடையே போதிய அளவு அறியப்படாதது.

சைபீரியாவின் அல்த்தாய்ப் பகுதியில் 1920 இல் ஏழை விவசாயிகள் சிலர் ஒன்றுகூடி "மே மாதக் காலை" என்ற பெயரில் ஒரு கம்யூனை நிறுவினர். அங்கு ஆசிரியராக அமைந்தவர் அத்ரியான் தொப்பொரோவ். 1891 இல் பிறந்த அவர் குடியானவர் வாழ்வை உள்ளிருந்து அறிந்தவர். பகலிற் பிள்ளைகளுக்குப் படிப்பித்த அவர், மாலை வேளைகளில் பெரியோரைக் கூட்டிவைத்துக் கதைகளும் நாவல்களும் நாடகங்களும் கவிதைகளும் உரத்து வாசிக்கலானார். மாடு கறந்துவிட்டு வந்தோரும் வயலில் உழைத்துக் களைத்து வந்தோரும் எழுத்தறியாக் கிழவிகளும் கேட்டனர். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இது தொடர்ந்தது. தொல்ஸ்தோய், துர்கனேவ், கோகல், செக்கோவ், கோர்க்கி ஆகியோர் மட்டுமன்றி ஹைன, இப்சன், ஹியூகோ, மோப்பசான், மொலியேர் முதலிய பிறநாட்டாரும் அவ்வவையில் ஏறினர். பழைய செவ்விலக்கியமும் அன்று அச்சிலிருந்து வந்த புதிய சோவியத் எழுத்தும் ஒரே மேசையில் வைக்கப்பட்டன.

வாசித்ததுடன் நின்றிருப்பாராயின் அவர் நற்பணி செய்த ஆயிரம் ஆசிரியருள் ஒருவராக மறைந்திருப்பார். அவர் செய்த வேறொன்றே நமக்கு முக்கியமானது. வாசித்து முடித்தபின் கேட்டோர் கூறியவற்றை அவர்தம் சொற்களிலேயே, கிராமத்துக் கொச்சை மாறாமல், எழுதிக்கொண்டார். எவ்விடத்தில் சிரித்தனர், எவ்விடத்தில் பெருமூச்சு விட்டனர், எங்கே பேச்சொழிந்து இருந்தனர் என்பனவற்றையும் குறித்தார். தம் கருத்தை முதலிற் கூறி அவர்களை வழிப்படுத்த முயலவில்லை. இவ்வாறு சேர்ந்த குறிப்புக்களே 1930 இல் "எழுத்தாளரைப் பற்றிக் குடியானவர்கள்" என்ற நூலாக வெளிவந்தன. அந்நூலில் பேராசிரியர் எவரும் பேசவில்லை. பால் கறப்பவளும் தச்சனும் பேசுகின்றனர். ஒருவர் கூறியதை மற்றவர் மறுக்கின்றார். பாத்திரமொன்றின் நடத்தையைக் குறித்து அயல்வீட்டுக்காரனைப் பற்றி வழக்காடுவது போல வழக்காடுகின்றனர்.

1928 நவம்பர் 7 இல் இஸ்வெஸ்தியாப் பத்திரிகையில் அக்ரனோவ்ஸ்கி என்னும் பத்திரிகையாளர் இக்கம்யூனைப் பற்றி எழுதியபோது, கட்டுரையின் தலைப்பில் ஜெர்மன் கவி ஹைனவின் பெயரையும் கிளாஃபிரா என்ற கிராமத்துப் பெண்ணின் பெயரையும் அருகருகே வைத்தார். அத்தலைப்பிலேயே ஒரு புரட்சி அடங்கியிருந்தது என்பேன். கவிஞனும் அவனைப் படித்தவளும் சரிசமமாக ஒரு வரியில் நிற்பதை அதற்குமுன் எந்த இலக்கிய வரலாறு அனுமதித்தது?

அக்குடியானவர்கள் கூறியன யாவும் சரியானவை என்று நான் வாதிட வரவில்லை. பாஸ்தர்நாக்கின் "ஸ்பெக்தோர்ஸ்கி" என்னும் கவிதை நாவலை அவர்கள் எள்ளி நகையாடினர். பாஸ்தர்நாக்கைச் சுவைக்கப் பழகிய ஒருவர் அவர்கள் தவறிழைத்தனர் என்றே கூறுவார், கூறட்டும். ஏன் நகைத்தனர் என்பது நூலில் இருக்கிறது. ஆதலால் அவர்களோடு நாம் இன்றும் வாதாடலாம், அவர்கள் கூறிய நியாயத்தை மறுக்கலாம், அல்லது அதில் ஒரு பாதியை ஏற்கலாம். வினாவிடைத் தொகுப்போடு அவ்வாறு வாதாட முடியுமா? "தத்ரூபமாகச் சித்திரித்துள்ளார்" என்பதை மறுப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? அது எவருடைய அபிப்பிராயமும் அன்று. மாணவன் அதை நம்புவதில்லை, எழுதுவித்த ஆசிரியரும் நம்புவதில்லை, புள்ளியிடுபவரும் நம்புவதில்லை. எவரும் நம்பாத ஒன்றை மூவரும் சேர்ந்து ஆண்டுதோறும் எழுதியும் திருத்தியும் வருகின்றனர்.

தொப்பொரோவின் கதை இவ்விடத்தில் முடிந்திருக்குமாயின் நாம் மகிழ்ந்து கைதட்டிவிட்டுப் போகலாம். முடியவில்லை. கிராமத்துச் சிறு அதிகாரிகளும் இலக்கியத் துறையில் அவரைப் பொறாதவர்களும் அவர்மீது பழி சுமத்தினர். மக்கள் எதை விரும்புவர் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தோருக்கு, மக்களிடமே போய்க் கேட்ட மனிதன் இடைஞ்சலாகத்தானே இருப்பான்? 1932 இல் அவர் கம்யூனை விட்டு நீங்க நேர்ந்தது. 1937 இல் கைது செய்யப்பட்டுச் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். 1958 இலேயே அவர் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டது. 1963 இல் அவரது நூல் நோவசிபீர்ஸ்க் நகரில் மறுபதிப்புப் பெற்றது. 1984 இல் அவர் காலமானார். அவரிடம் பயின்ற ஸ்தெப்பான் தித்தோவ் என்பவரின் மகனே 1961 ஆகஸ்ட் 6 இல் விண்வெளிக்குச் சென்ற கெர்மன் தித்தோவ். தந்தையார் மகனுக்குப் புஷ்கினின் கதைமாந்தன் ஒருவன் பெயரையே சூட்டியிருந்தார் என்பது சுவையான செய்தி.

இதனைக் கூறும்போது நம் நண்பர் சிலர் முகம் சுளிப்பர். "எதிரிகளுக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறாய்" என்பர். சோஷலிஸத்தின் மீது பற்றுடையோர் தொப்பொரோவைப் பற்றிப் பேசாதிருப்பதால் அவர் சிறைப்பட்டது பொய்யாகிவிடாது. மேலும், அவரை உருவாக்கியதும் அப்புரட்சியே. எழுத்தறியாதவளிடம் இப்சனைப் பற்றி அபிப்பிராயம் கேட்கலாம் என்ற எண்ணத்துக்கு இடமளித்ததும் அதுவே. அவரைச் சிறைப்படுத்தியது, மக்களின் பெயரால் பேசும் உரிமையைத் தன் மேசை அறைக்குள் பூட்டிவைத்துக்கொண்ட அலுவலக மனப்பான்மை. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் அப்புரட்சியைப் போற்றினும் தூற்றினும் அதனை விளங்கிக்கொண்டவர் ஆகார்.

இம்மனப்பான்மை கொடியவர்களிடம் மட்டுமே குடிகொள்ளும் என்று எண்ணிவிடலாகாது. அதே 1928 ஆம் ஆண்டில், பெப்ரவரி 1 ஆந் திகதிய பிராவ்தாவில், கோர்னெய் சுக்கோவ்ஸ்கி சிறுவர்க்கு எழுதிய "முதலை" என்னும் கதைப்பாட்டைக் கண்டித்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் லெனினின் துணைவியார் குருப்ஸ்காயா. நூலகங்களுக்காகவும் எழுத்தறிவுக்காகவும் அவ்வம்மையார் ஆற்றிய தொண்டை எவர் மறுக்க முடியும்? ஆயினும் முதலை சிகரெட் புகைத்துக்கொண்டு வீதியில் உலாவும் வேடிக்கைப் பாட்டில் முதலாளித்துவ மனப்போக்கின் நச்சினைக் கண்ட அவர், அது பிள்ளைகளுக்கு உதவாது என்று தீர்ப்பளித்தார். மார்ச் 14 இல் கோர்க்கி அதே பத்திரிகையில் சுக்கோவ்ஸ்கிக்குச் சார்பாக எழுதினார். அதனாலும் நிலைமை சீராகவில்லை. 1929 இல் கிரெம்ளின் பாலர் பள்ளியின் பெற்றோர் கூட்டம் சுக்கோவ்ஸ்கியின் கதைப்போக்கையே எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அவ்வாண்டின் இறுதியில் சுக்கோவ்ஸ்கி தம் கதைகளைத் தாமே மறுத்துப் பத்திரிகையில் எழுதும் நிலைக்குத் தள்ளப்பட்டார்.

பாலர் பள்ளியின் பெற்றோர் தீர்மானம் நிறைவேற்றினர். பாலர்கள் என்ன கூறினர்? அவர்கள் அப்பாட்டுக்களை மனனஞ் செய்து ஒப்புவித்துக்கொண்டிருந்தனர். சிறுவரின் பேச்சையும் அவர்தம் விநோதக் கேள்விகளையும் செவிமடுத்துச் சேகரித்து, பின்னர் "இரண்டிலிருந்து ஐந்து வரை" என்று பெயர்பெற்ற நூலை ஆக்கியவர் சுக்கோவ்ஸ்கியே. அதாவது, அவ்விவாதத்தில் ஈடுபட்டோருள் பிள்ளைகளைக் கேட்டறிய முயன்றவர் குற்றஞ் சாட்டப்பட்டவர் ஒருவரே! முதலை பேசாது என்பது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்திருப்பதனாலேயே அது பேசும்போது சிரிக்கிறது. படிப்பினையற்ற கதையைக் கண்டு அஞ்சுகிற நம் ஆசிரியர்களும் நூற்றெரிவுக் குழுவினரும் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பது நன்று.

சரி, உருசியாவை விட்டு நமது மண்ணுக்கு வருமுன், வழியில் ஹவானாவிலும் ஒருகணம் தரிப்போம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு நேர்வழி உண்டு. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில், 1865 இல் தொடங்கி, தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க ஒருவர் மேடையில் அமர்ந்து உரத்து வாசிக்கும் வழக்கம் ஏற்பட்டது. "எல் ஃபிகாரோ" என்ற தொழிற்சாலையில் அது முதலில் ஆரம்பமாயிற்று. வாசிப்பவருக்கு ஊதியம் கொடுத்தவர்கள் முதலாளிமார் அல்லர். தொழிலாளர் தத்தம் கூலியிலிருந்து பங்கிட்டுக் கொடுத்தனர். எந்த நாவலை வாசிப்பது என்பதையும் அவர்களே வாக்கெடுத்துத் தீர்மானித்தனர். மறுவருடமே ஸ்பானிய ஆட்சியாளர் அதனைத் தடைசெய்தனர். கதை கேட்பவன் கதையோடு நிற்கமாட்டான் என்பதை ஆட்சியாளர் நம் விமர்சகர்களைவிட நன்கு உணர்ந்திருந்தனர் போலும். தடை நீங்கிய பின் மீண்டும் அது தழைத்தது. புலம்பெயர்ந்த கியூபத் தொழிலாளரோடு அமெரிக்காவின் தாம்பா நகருக்கும் சென்றது. அங்கே 1931 இல் முதலாளிமார் வாசிப்போரை வெளியேற்றியபோது தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஹியூகோவும் சோலாவும் டூமாவும் அவர்களின் செவிவழி உறவினர். டூமாவின் "மொன்தே கிறிஸ்தோ" அவர்களிடையே பெற்ற செல்வாக்கினாலேயே பிற்காலத்தில் சுருட்டு வகையொன்று அப்பெயரைப் பெற்றது என்பர்.

நமது சுருட்டுக் கொட்டில்களிலும் இவ்வழக்கம் இருந்ததே! ஒருவர் பத்திரிகையையும் தொடர்கதையையும் உரத்து வாசிக்க, மற்றையோர் புகையிலையைச் சுற்றியபடி கேட்டதை முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேரளத்துப் பீடித் தொழிலாளரிடையேயும் இது நிலவியது. சிகையலங்கரிப்பு நிலையங்களும் அவ்வாறே வாசகசாலைகளாக விளங்கின. அத்தகைய நிலையமொன்றில் உழைத்துக்கொண்டே டொமினிக் ஜீவா 1966 இல் "மல்லிகை"யை ஆரம்பித்தார். கல்கியின் "பொன்னியின் செல்வன்" 1950 இலிருந்து 1954 வரை வாரந்தோறும் வந்த காலத்தில், அடுத்த இதழ் வருமுன் அக்கொட்டில்களில் எத்தனை வாதங்கள் நடந்திருக்கும்! நந்தினியின் பக்கம் நின்று பேசியவர் எவர்? அரசகுலத்தவரின் சூழ்ச்சிகளைக் கேட்டு, "எவன் பட்டத்துக்கு வந்தால் எமக்கென்ன?" என்று குறுக்கே விழுந்தவர் எவர்? அவற்றை எழுதிவைப்பதற்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதுமாயிருந்தன. கொட்டிலுக்குள் நுழைந்த நம் எழுத்தாளர்கள் தொழிலாளரின் வறுமையைக் குறித்துக்கொண்டனர். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்த கதையைப் பற்றி அவர்கள் நினைத்ததைக் குறித்துக்கொள்ளவில்லை. தொழிலாளி கதைக்குப் பொருளாகலாம், கதைக்கு நீதிபதியாகலாகாது என்று நாமும் உள்ளூர எண்ணியிருந்தோமா?

அறுபதுகளின் தொடக்கத்தில் மரபு பற்றிய போராட்டம் மூண்டபோது, பேச்சுத் தமிழைக் கதையில் கையாண்டோரைப் பண்டிதர்கள் "இழிசனர் வழக்கு" என்று பழித்தனர். நம் முன்னோடிகள் அப்பழிப்பை எதிர்த்து நின்று வென்றனர். மக்களின் பேச்சு இலக்கியத்தில் ஏறியது. டானியலின் "பஞ்சமர்" 1972 இல் நூலுருப் பெற்றபோது அவ்வெற்றி எவராலும் மறுக்கவொண்ணாததாயிற்று. ஆயினும் அவ்வெற்றி பாதி வெற்றியே. மக்களின் மொழி கதைக்குள் வந்தது. கதையைப் பற்றிய மக்களின் மொழி விமர்சனத்துக்குள் வரவில்லை. நம் விமர்சன நூல்களைப் புரட்டிப் பாருங்கள். யதார்த்தவாதம், இயற்பண்புவாதம், வர்க்க நிலைப்பாடு என்று எத்தனையோ பயனுள்ள கருவிகள் அவற்றில் உள. பஞ்சமரைப் படித்த ஒரு பஞ்சமன் கூறியது எப்பக்கத்தில் உளது? தோட்டத்து நாவலைப் படித்த கொழுந்து பறிப்பவள் கூறியது எப்பக்கத்தில் உளது? "மக்கள் இதை ஏற்றுக்கொண்டனர்" என்று ஒரு வாக்கியம் காணப்படும். அதற்கு ஆதாரம் கேட்டால், மூன்றாவது பதிப்பு வெளிவந்ததைக் காட்டுவர். அப்போது நாமும் புத்தக வியாபாரியும் ஒரே தராசைத்தான் கையில் வைத்திருக்கிறோம்.

வியாபாரியின் தராசைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. "மக்கள் அபிப்பிராயம் கேட்டால் மர்ம நாவலும் காதற் குப்பையுமே எஞ்சும்" என்று அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் பழையது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரான றெயினோல்ட்ஸின் மர்ம நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் முதலானோர் தமிழில் தழுவிக் குவித்தபோது, படித்தோர் தலையிலடித்துக்கொண்டனர். அந்த றெயினோல்ட்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளரின் சாசன இயக்கத்தில் முன்னணியில் நின்றவர், 1850 இல் தொழிலாளருக்கென வாரப் பத்திரிகை ஆரம்பித்தவர் என்பதைத் தலையிலடித்துக்கொண்டோர் அறிந்திருந்தனரா? அதனினும் வேடிக்கை, தனித்தமிழின் தந்தை எனப் போற்றப்படும் மறைமலையடிகளின் "குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி" (1911) அதே றெயினோல்ட்ஸின் நாவலொன்றன் தழுவலே. பாமரனின் சுவை என்று பழிக்கப்பட்டது பண்டிதரின் மேசையிலும் இருந்திருக்கிறது! றெயினோல்ட்ஸை மக்கள் எதற்காகப் படித்தனர்? கொலைக்காகவா, கொலை செய்த பிரபுவின் முகமூடி கிழிவதற்காகவா? விற்பனைக் கணக்கு இதற்கு விடை தராது. வாங்கியவனை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். விருப்பம் வேறு, அபிப்பிராயம் வேறு. வியாபாரிக்கு முன்னதே போதுமானது.

பண்டிதருக்கும் ஒன்று கூறிவிடலாம். ஆங்கில நாவலாசிரியருள் மிக நுண்ணியவர் எனப் பேராசிரியர் எல்லோரும் ஒப்பும் ஜேன் ஒஸ்டின், தமது "மான்ஸ்ஃபீல்ட் பார்க்" (1814), "எம்மா" (1815) ஆகிய நாவல்கள் வெளிவந்தபின், உறவினரும் நண்பரும் அயலவரும் கூறிய அபிப்பிராயங்களைத் தம் கைப்பட எழுதிவைத்தார். முந்திய நாவல் அளவுக்கு இது பிடிக்கவில்லை, கதாநாயகி சப்பென்று இருக்கிறாள் என்று பெற்ற தாயே கூறியதையும் மறைக்காமல் எழுதினார். "எம்மா" ஒருவருக்கு அறவே பிடிக்காமையால் அவர் கூறியதை அறிவிக்கவே உறவுப் பெண் மறுத்துவிட்டாள் என்பதையும் பதிந்துவைத்தார். அவற்றின் கீழ் மறுப்புரை ஒன்றும் அவர் எழுதவில்லை. ஒஸ்டினுக்கு இல்லாத வாசகக் கூச்சம் நம் எழுத்தாளருக்கு ஏன் ஏற்பட வேண்டும்?

ஆகவே ஆசிரிய நண்பர்களிடம் வேண்டுவது பெரிதொன்றுமன்று. பரீட்சை இருக்கும்வரை அதற்குரிய விடையையும் எழுதப் பழக்கத்தான் வேண்டும். பிள்ளைகளின் எதிர்காலத்தோடு விளையாட நமக்கு உரிமையில்லை. ஆனால் அந்த விடைதான் அபிப்பிராயம் என்று அவர்களை நம்பவைப்பதற்கும் நமக்கு உரிமையில்லை. கதையை முழுவதுமாக உரத்து வாசியுங்கள். வாசித்து முடித்ததும் வாய்மூடி இருங்கள். இதுவே நமக்கு மிகக் கடினமானது. முதலிற் பேசுபவன் கெட்டிக்கார மாணவனாக இருப்பான். அவன் நமக்குப் பிடித்ததையே கூறுவான். அவனைத் தாண்டிப் பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழும்வரை காத்திருங்கள். "பிடிக்கல்ல" என்று ஒரு பிள்ளை கூறினால், "ஏன்?" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூறாதீர்கள். கூறப்படுவதை அவர்கள் சொல்லிலேயே ஒரு கொப்பியில் எழுதுங்கள், திருத்தி எழுதாதீர்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்பினருக்கு அதே கதையை வாசித்துவிட்டு, முந்திய வகுப்பினர் கூறியதையும் வாசித்துக் காட்டுங்கள். விமர்சன மரபு ஒன்று எவ்வாறு தோன்றுகிறது என்பதை அவர்கள் கண்ணாரக் காண்பர். அவ்வாறான கொப்பிகள் பத்துப் பாடசாலைகளில் சேருமாயின், இத்தகைய ஏடுகள் அவற்றை அச்சிட முன்வர வேண்டும்.

எழுத்தாளர் சங்கங்களைச் சார்ந்தோருக்கும் இதுவே. நூல் வெளியீட்டு விழாவில் ஐந்து பேச்சாளரை மேடையேற்றுகிறோம். ஐவரும் நூலாசிரியரின் நண்பர்கள். ஆறாவது நாற்காலியொன்றில், அந்நூலைப் படித்துவிட்டு வந்த ஒரு கடைச் சிப்பந்தியையோ தோட்டத் தொழிலாளியையோ அமர்த்தி முதலிற் பேசவிட்டால், மற்றை ஐவரின் பேச்சும் சற்றே சுருங்கும் என்பதும் ஓர் அனுகூலம்.

"நேரம் எங்கே, பாடத்திட்டத்தை முடிப்பது எப்போது?" என்று கேட்பார்கள். தமிழ்ப் பாடத்துக்குக் கிழமையில் ஒதுக்கப்பட்ட வேளைகளுள், வினாவிடைத் தொகுப்பைப் பார்த்துக் கரும்பலகையில் நாம் எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்தெழுதும் அந்த நாற்பது நிமிடம் இருக்கிறது.